நாள் தள்ளிப்போகும் முன்பே

கர்ப்பிணிக்கான கவனிப்பு நம்மிடம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில்தான் தொடங்குகிறது. நாள் தள்ளிப்போகிறது, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார்கள், மருந்துக்கடையில் வாங்கிய பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுகிறது, பிறகு கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவமனையிலோ பெயரைப் பதிகிறார்கள். அங்கிருந்து ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தடுப்பூசி, சத்து மாத்திரை, மருத்துவமனையில் பிரசவம் என்று எல்லாம் வரிசையாக நடக்கிறது. இந்த ஏற்பாட்டின் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களுமே மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2018–20 காலத்தில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54 பேர். ஆனால் இந்த ஏற்பாடு தொடங்கும் நேரம் கருவின் கணக்குக்குப் பிந்தியது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் முதல் கட்டம், பெரும்பாலான பெண்கள் மருத்துவரைப் பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே கர்ப்பகாலக் கவனிப்பில் மிக முக்கியமான ஒரு பகுதி கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். அதை ஒவ்வொரு பெண்ணின் முன்யோசனைக்கும் விட்டுவிடாமல் சமூகம் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் நான்கு வாரங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கருவுற்று மூன்றாவது வாரத்தில் கரு சில மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான திசுதான். அதன் முதுகுப்புறத்தில் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. விரித்த பாயின் இரு ஓரங்களையும் தூக்கி ஒன்றோடொன்று சேர்ப்பதுபோல, அந்தப் பள்ளத்தின் இரு விளிம்புகளும் மேலெழுந்து ஒட்டிக்கொள்கின்றன. உருவாகும் குழாய்க்கு நரம்புக் குழல் என்று பெயர். ஏறத்தாழ 22ஆம் நாள் கழுத்துப் பகுதியில் இந்த ஒட்டல் தொடங்குகிறது. தலைப்பக்கத் திறப்பு 25ஆம் நாளை ஒட்டியும், வால்பக்கத் திறப்பு 28ஆம் நாளை ஒட்டியும் மூடிக்கொள்கின்றன. தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாவதில்லை; அப்படிப் பிறக்கும் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு உண்டாகிறது. அந்தக் குழந்தைக்குக் கால்களில் வலுக்குறைவு, சிறுநீரும் மலமும் கட்டுப்படாமை, மூளையில் நீர் தேங்குதல் போன்ற சிக்கல்கள் வரலாம். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு நான்கைந்து குழந்தைகளுக்கு நரம்புக் குழல் குறைபாடு இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இது சிறிய எண்ணிக்கை ஆகாது.

இந்த 28 நாளைப் பெண்ணின் நாள்காட்டியோடு பொருத்திப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்குக் கருத்தரித்து இரண்டு வாரம் கழித்துத்தான் நாள் தள்ளிப்போவது தெரியும். அன்றே பரிசோதித்து மறுநாளே மாத்திரை தொடங்கினாலும் குழல் மூடுவதற்கு இரண்டு வாரம்கூட மிச்சமில்லை. சுழற்சி முன்பின்னாக வருகிற பெண்ணுக்கு அந்த அவகாசமும் இல்லை. அதைவிடப் பெரிய தடை உடலுக்குள் இருக்கிறது. குழல் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், சிவப்பணுக்களில் அதன் அளவு பாதுகாப்பான நிலைக்கு உயரப் பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். சிவப்பணுக்கள் உருவாகும்போதே ஃபோலேட்டைச் சேமித்துக்கொள்கின்றன. பழைய அணுக்கள் அழிந்து புதியவை வர அவ்வளவு காலம் பிடிக்கிறது. ஆகவே, தெரிந்த பிறகு தொடங்கும் மாத்திரை மற்றப் பலன்களைத் தரும். இந்த ஒரு வேலைக்குப் பெரும்பாலும் உதவாது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 12 வாரத்துக்குள் பதிவு செய்வதை ஊக்குவிக்கிறது. அது நல்ல விதி. ஆனால் அந்தப் பன்னிரண்டு வாரக் கணக்கில் நரம்புக் குழல் மூடிக்கொள்வது ஆறாவது வாரத்தில்.

ஃபோலிக் அமிலத்தின் கதையில் சென்னைக்கும் குன்னூருக்கும் உரிய இடம் உண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும் ஒருவகைக் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமியே காரணம் என்று பலர் நினைத்த காலத்தில், வில்ஸ் அவர்களுடைய சாப்பாட்டைக் கவனித்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இன் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த கோஷா மருத்துவமனையிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. அந்த மருத்துவமனைதான் இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனை. ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தபோது நோயாளிகள் விரைவாகத் தேறினார்கள். அதை 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் என்னவென்று அப்போது தெரியாததால், அதை வில்ஸ் காரணி என்றே அழைத்தார்கள். பத்தாண்டு கழித்து 1941-இல், அமெரிக்காவில் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. கர்ப்பிணியின் ரத்தசோகைக்கு மருந்து அவளுடைய தட்டில் இருக்கிறது என்று காட்டியதுதான் வில்ஸின் பெரிய பங்களிப்பு. அவர் பார்த்த பெண்களின் பட்டினி கருத்தரித்த அன்று தொடங்கியதல்ல. அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது.

ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவை 1940-களின் நடுவில் லெடர்லி ஆய்வகத்தில் வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே குழு, ஃபோலிக் அமிலத்தைப் போலவே வடிவம் கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற பொருளையும் உருவாக்கியது. 1948-இல் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. ஃபோலேட் இல்லாமல் உயிரணு தன் மரபுப்பொருளைப் படியெடுக்க முடியாது. வேகமாகப் பிரியும் அணுக்களே முதலில் தடுமாறும். புற்றணு வேகமாகப் பிரிகிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களும் அப்படித்தான் பிரிகின்றன. ஆனால் மனித வாழ்வில் மூன்றாவது, நான்காவது வாரத்துக் கருவைப்போல வேகமாகப் பிரிந்து வளர்வது வேறொன்றில்லை. 1950-களில் கர்ப்பிணிகள் சிலருக்கு அமினோப்டெரின் கொடுக்கப்பட்டு, அதையும் மீறிக் கர்ப்பம் தொடர்ந்தபோது, பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகள் தெரிந்தன. கருவின் தொடக்க வளர்ச்சிக்கு ஃபோலேட் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அது துயரமான சான்று.

சான்று என்பதில் ஒரு படிநிலை உண்டு. ஃபோலிக் அமிலம் அந்தப் படிகள் எல்லாவற்றையும் ஏறி வந்தது. 1965-இல் லிவர்பூலில் எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்ட் ஸ்மித்தெல்ஸும், குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் ஃபோலேட் வளர்சிதை மாற்றத்தில் கோளாறு அதிகம் என்று கண்டார்கள். இது தொடர்பை மட்டுமே காட்டியது. வறுமையோ வேறெதுவோ இரண்டுக்கும் பொதுக்காரணமாக இருக்கலாம். 1980-இல் ஸ்மித்தெல்ஸ், முன்பு இப்படிப்பட்ட குழந்தை பிறந்த பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே வைட்டமின் கொடுத்துப் பார்த்தார். குறைபாடு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மாத்திரை சாப்பிட முன்வந்தவர்கள் இயல்பிலேயே கவனமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அது நியாயமான ஐயம். அதைத் தீர்க்க நிக்கோலஸ் வால்ட் தலைமையில் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஏழு நாடுகளில் 33 மையங்களில் ஓர் ஆய்வை நடத்தியது. 1,817 பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, சிலருக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. முடிவு தெரிந்த 1,195 கர்ப்பங்களில் நரம்புக் குழல் குறைபாடு 27. அவற்றில் ஃபோலிக் அமிலம் பெற்றவர்களிடம் 6, பெறாதவர்களிடம் 21. பாதுகாப்பு 72 சதவீதம். தொடர்ந்து மறுப்பது முறையல்ல என்று 1991-இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

முன்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தானா இந்தப் பலன் என்ற கேள்வி மிச்சமிருந்தது. 1992-இல் ஹங்கேரியில் ஆண்ட்ரூ ட்ஸைஸெல் வெளியிட்ட ஆய்வு முதன்முறை கருத்தரிக்கும் பெண்களிடமும் அதே திசையைக் காட்டியது: 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களிடம் ஒரு நரம்புக் குழல் குறைபாடும் இல்லை, மற்றவர்களிடம் ஆறு. பிறகு 1990-களில் சீனாவில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துடன் சேர்ந்து நடந்த பெருந்திட்டம் இரண்டரை லட்சம் பெண்களைத் தொடர்ந்தது. வெறும் 400 மைக்ரோகிராம் போதுமா என்பதற்கு அங்கே விடை கிடைத்தது. குறைபாடு மிகுந்த வட பகுதியில், திருமணத்துக்கு முந்தைய பரிசோதனையிலிருந்தே மாத்திரை தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்ட பெண்களிடம், ஆயிரத்துக்கு 4.8 ஆக இருந்த விகிதம் 1.0 ஆகக் குறைந்தது. குறைவாக இருந்த தெற்கில் 1.0 என்பது 0.6 ஆனது. இந்த எண்களிலேயே ஒரு வரம்பும் தெரிகிறது: ஃபோலிக் அமிலம் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. மரபணு, சர்க்கரை நோய், சில மருந்துகள் ஆகியவற்றாலும் குறைபாடு வரும். ஆனால் தடுக்கக்கூடிய பெரும்பகுதியை முன்கூட்டியே தொடங்கினால்தான் தடுக்க முடியும்.

நரம்புக் குழல் இந்த வாதத்தின் கூர்மையான முனை; அதற்குப் பின்னால் வேறு பலவும் வரிசையில் நிற்கின்றன. இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கர்ப்பம் முழுவதற்கும் பெண்ணுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை: கருவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஏறத்தாழ 300, பெருகும் தாயின் சிவப்பணுக்களுக்கு 500, அன்றாட இழப்புக்கு மீதி. இதைச் சமாளிக்க, கருத்தரிக்கும் நாளில் உடலில் 500 மில்லிகிராமாவது கையிருப்பு இருக்க வேண்டும். ஐந்தாவது கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. கையிருப்பே இல்லாமல் கர்ப்பத்துக்குள் நுழைகிறவளுக்கு நாலாம் மாதம் தொடங்கும் மாத்திரை பழைய கடனையும் அடைக்க வேண்டும், புதிய செலவையும் ஈடுகட்ட வேண்டும். பலருக்கு அது முடிவதில்லை. விளைவு பிரசவ மேசையில் தெரிகிறது: ஹீமோகுளோபின் 12 உள்ளவள் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கு, 7 உள்ளவளின் உயிரைப் பறிக்கிறது. குறைமாதப் பிறப்பும் எடைகுறைந்த குழந்தையும் இதே சோகையோடு சேர்ந்து வருகின்றன.

சர்க்கரையும் அப்படித்தான். இதயம் உருவாவது மூன்றாவது முதல் எட்டாவது வாரத்துக்குள். அந்த நேரத்தில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் இதயக் குறைபாட்டுக்கும் கருச்சிதைவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் சர்க்கரை நோயுள்ள பெண் கருத்தரிக்கும் முன்பே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையாவின் குழு தமிழ்நாட்டில் செய்த ஆய்வில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கும், சிறுநகரங்களில் 13.8 சதவீதம் பேருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. முதல் பிரசவத்தில் அது வந்துபோனவளுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு ஏழு மடங்குவரை அதிகம். ஆகவே முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட காலமும் ‘கர்ப்பத்துக்கு முன்’ என்ற கணக்கில்தான் சேர வேண்டும். ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை இன்னொரு சான்று. 1941-இல் சிட்னியில் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் அந்த நோய் வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் அது உயிருள்ள கிருமியால் ஆனது, கர்ப்பிணிக்குப் போடக்கூடாது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ருபெல்லா இயக்கம் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. அன்று அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்கள் அதில் சேரவில்லை. எதிர்ப்புசக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இல்லையென்றால் ஊசி போட்டு ஒரு மாதம் பொறுத்துக் கருத்தரிக்கலாம். வலிப்பு நோய்க்கான வால்புரோயேட் போன்ற மருந்துகளையும் முன்பே மாற்ற முடியும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். பயந்து தானாக நிறுத்தினால் வலிப்பே உயிருக்கு ஆபத்தாகும்.

இவ்வளவும் நம் அரசுகளுக்குத் தெரியாதவை அல்ல. பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒரு நீல இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். ரத்தசோகை இல்லா பாரதம் திட்டம் 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வார மாத்திரையை வகுத்திருக்கிறது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்றும் அதன் வழிகாட்டி சொல்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வார மாத்திரையில் இருப்பது 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 70-ஐச் சற்றே தாண்டும். உலக சுகாதார நிறுவனம் வார மாத்திரைக்குப் பரிந்துரைப்பது 2,800 மைக்ரோகிராம், அதாவது 400-இன் ஏழு மடங்கு. ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசிக்கான தரநிலை கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம். ஒரு பெண் நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 40 மைக்ரோகிராம்கூட அதிலிருந்து கிடைக்காது. இரண்டுமே ரத்தசோகையை மனதில் வைத்து வகுக்கப்பட்டவை. அந்த வேலைக்கு அவை உதவலாம். நரம்புக் குழலைக் காக்க அவற்றின் அளவு போதாது. தினசரி மாத்திரை என்ற வழிகாட்டியின் வரி, கருத்தரிக்கப் போவதை முன்பே மருத்துவரிடம் சொல்லும் பெண்ணுக்கு மட்டுமே எட்டுகிறது. உலகில் ஏறக்குறைய பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாமல் நிகழ்பவை என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2022-இல் கணித்தது.

“நம் பாட்டிமார்கள் மாத்திரை சாப்பிட்டா பத்துப் பிள்ளை பெற்றார்கள்?” என்பது உடனே எழும் மறுப்பு. பெற்றார்கள் என்பது உண்மை. ஆனால் நம் நினைவில் நிற்பவர்கள் பிழைத்துப் பாட்டியானவர்கள்தாம். நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946-இல் அளித்த அறிக்கை, அன்றைய இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார்கள் இறந்ததாகவும் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பெண்கள் பிரசவத்தில் மடிந்ததாகவும் கணக்கிட்டது. பிறந்ததும் இறந்த குழந்தைகள் ஏன் இறந்தன என்று எழுதிவைக்க அன்று ஆளில்லை. பழைய தலைமுறையின் உணவிலும் உழைப்பிலும் நல்லவை நிறைய உண்டு. ஆனால் அந்தப் பத்துப் பிள்ளைப்பேறுக்குப் பெண்கள் கொடுத்த விலையை மறந்துவிட்டு அதை முன்மாதிரியாக்க முடியாது.

கீரையும் பருப்பும் சாப்பிட்டால் போதாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. முருங்கை, அகத்தி, தண்டுக்கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது. அவற்றைத் தினமும் சாப்பிடுவது எல்லா வகையிலும் நல்லது. ஆனால் இயற்கை ஃபோலேட் நீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையை வேகவைத்து நீரை வடித்தாலோ நெடுநேரம் கொதிக்கவிட்டாலோ பெரும்பங்கு போய்விடுகிறது. மிஞ்சுவதை உடல் ஏற்பதும் முழுமையாக இல்லை: உணவோடு சேர்ந்த ஃபோலிக் அமிலம் 60 மைக்ரோகிராம் தரும் பலனுக்கு இயற்கை ஃபோலேட் 100 வேண்டும். அதனால் நல்ல உணவு உண்ணும் பெண்ணும் குழலைக் காக்கத் தேவையான அளவைச் சாப்பாட்டால் மட்டும் எட்டுவது கடினம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிடும் பெண்ணின் நிலையைச் சொல்லவே வேண்டாம். அவள் தட்டில் கீரையும் பயறும் முட்டையும் விழ வேண்டும் என்பது வேறொரு போராட்டம், அது நடக்கட்டும். மாத்திரையோ செறிவூட்டலோ அதற்கு எதிரியல்ல.

மூன்றாவது மறுப்பு அறிவியலுக்குள்ளிருந்தே வருகிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். பி12 வைட்டமின் குறைந்தாலும் சிவப்பணுக்கள் பெரிதாகி ரத்தசோகை வரும். அப்போது ஃபோலிக் அமிலத்தை அதிகமாகக் கொடுத்தால் சோகை சரியானதுபோலத் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும். பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. சைவ உணவுக்காரர்கள் நிறைந்த இந்தியாவில் அதன் குறைபாடு பரவலானது. புணேயில் சித்தரஞ்சன் யாக்னிக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்தில் ஃபோலேட் கூடியும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாகக் காணப்பட்டது. இது ஃபோலிக் அமிலத்தைக் கைவிடச் சொல்லும் சான்று அல்ல. அளவையும் சேர்க்கையையும் சரிசெய்யச் சொல்லும் சான்று. 400 மைக்ரோகிராம், உச்சவரம்பாகக் கருதப்படும் 1,000-க்கு வெகு கீழே. நம் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதோ 5 மில்லிகிராம் மாத்திரை, அதாவது 5,000 மைக்ரோகிராம். அது முன்பு பாதிக்கப்பட்ட குழந்தை பெற்றவர்கள், சர்க்கரை நோயுள்ளவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் போன்றோருக்கு மருத்துவர் எழுதித்தர வேண்டியது. எல்லாருக்கும் உரிய சிறு அளவு மாத்திரை பி12-ஓடு சேர்ந்து எளிதாகக் கிடைக்கச் செய்வதே சரியான விடை.

நான்காவது மறுப்பு அறம் சார்ந்தது. ஒவ்வொரு பெண்ணையும் ‘வருங்காலத் தாய்’ என்று பார்க்கத் தொடங்கினால், அவளுடைய உடல் பிறக்காத பிள்ளைக்காகக் காக்கப்படும் பாத்திரமாகிவிடாதா? ஆகிவிடும், நாம் கவனமாக இல்லாவிட்டால். ஆனால் மேலே சொன்னவற்றைத் திரும்பிப் பார்த்தால், ருபெல்லாவையும் குழலையும் தவிர மற்றெல்லாமே முதலில் அந்தப் பெண்ணுக்கே நன்மை தருபவை. பத்தொன்பது வயதுப் பெண் மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பது அவளுடைய துன்பம். அவள் ஒருநாளும் பிள்ளை பெறாமல் போனாலும் அந்தச் சோகை நீங்க வேண்டும். சர்க்கரை கட்டுப்படுவதும் பி12 நிறைவதும் ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 24 மாத அவகாசம் கிடைப்பதும் அவளுக்கே உரியவை. எப்போது கருத்தரிப்பது, வேண்டாமா என்ற முடிவு அவள் கையில் இருப்பதும் கருத்தரிப்புக்கு முந்தைய நலத்தில் அடக்கம். கருத்தடை வசதி இல்லாத இடத்தில் ‘திட்டமிட்டுக் கருத்தரி’ என்ற அறிவுரைக்குப் பொருளில்லை.

இதே அறிவு பழிசொல்லும் கருவியாகவும் மாறக்கூடும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. குறைபாடுள்ள குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் தாய். “என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் வெளியே வந்தாயா” என்று தொடங்கும் விசாரணையில் “மாத்திரை ஏன் சாப்பிடவில்லை” என்பதும் சேர்ந்துவிட்டால் அறிவியல் தோற்றதாகவே பொருள். 28 நாள் கணக்கு சொல்வது அதற்கு நேர்மாறு. கருத்தரித்தது தெரிவதற்குமுன் முடிந்துவிடும் ஒன்றுக்கு அவளைப் பொறுப்பாக்குவது நியாயமல்ல. தடுக்க முடிந்ததைத் தடுக்கும் அறிவும் வழியும் வைத்திருந்த சமூகமே பொறுப்பு. தண்டுவடப் பிளவோடு பிறந்து, அறுவைச் சிகிச்சையும் தொடர்ந்த கவனிப்பும் பெற்று, படித்து வேலைபார்த்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தடுப்பைப் பற்றிப் பேசுவது அவர்களுடைய வாழ்வின் மதிப்பைக் குறைப்பதாகாது. அவர்களுக்கான சிகிச்சையும் தடுப்பும் ஒரே கடமையின் இரண்டு பகுதிகள்.

அந்தக் கடமையை நிறைவேற்றும் வழி உலகில் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கா 1998 முதல் தானிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்குச் சுமார் 1,300 குழந்தைகள் அதனால் குறைபாடின்றிப் பிறப்பதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. சிலி 2000-இல் கோதுமை மாவில் சேர்த்தது. அங்கே குறைபாடு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 1991-இல் சான்றைத் தந்த பிரிட்டனோ 2024-இல்தான் அதற்குச் சட்டம் இயற்றியது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அங்கே தனிநபர் அறிவுரை மட்டும் இருந்தது. அறிவுரை படித்த, திட்டமிட்டுக் கருத்தரிக்கும் பெண்களைச் சென்றடைந்தது; இளம் வயதினரையும் ஏழைகளையும் தவறவிட்டது. 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, ஃபோலிக் அமிலம் உள்ளிட்ட நுண்சத்துக்களை உணவில் சேர்த்துத் தண்டுவடப் பிளவைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. தென்னிந்தியக் கிராமங்களில் அயோடின் உப்போடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வில், நான்கு மாதத்தில் பெண்களின் ரத்த ஃபோலேட் பல மடங்கு உயர்ந்தது. யார் வீட்டிலும் உப்பு இல்லாமல் சமையல் இல்லை என்பதால் இந்த வழி நம் நாட்டுக்குப் பொருத்தமானது. பெரிய அளவில் சோதிக்கத் தகுந்தது.

சட்டமும் உப்பும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் திருமணம் நிச்சயமாகிச் சில மாதங்கள் கழித்துத்தான் முகூர்த்தம். முதல் கர்ப்பம் பெரும்பாலும் அதன் பிறகு விரைவில் வருகிறது. மண்டபமும் நகையும் புடவையும் முடிவாகும் அந்த மாதங்களில் மணமகனும் மணமகளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம். புகையையும் மதுவையும் விட வேண்டிய மணமகனுக்கும் அதில் வேலை உண்டு. உடனே பிள்ளை வேண்டுமானால் மணமகள் அன்றே 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கலாம்; வேண்டாமானால் கருத்தடை பற்றிக் கேட்கலாம். பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாயிடம் அடுத்த குழந்தை எப்போது என்று செவிலியர் கேட்கும்போதே அவளுடைய சர்க்கரையையும் சோகையையும் பார்த்துவிடலாம். இவற்றுக்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை; இருக்கும் கட்டமைப்பின் தொடக்க நாளைச் சில மாதங்கள் முன்னே நகர்த்தினால் போதும். வீடு தேடி மாத்திரை தரும் செவிலியரையும், பரவலான சுகாதார நிலையங்களையும், ஏறக்குறைய எல்லாப் பிரசவத்தையும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த அனுபவத்தையும் பெற்றிருக்கும் ஒரு மாநிலம் இதைச் செய்யவில்லையென்றால், வசதியில்லை என்று காரணம் சொல்ல முடியாது. பெண்ணின் உடல்நலம் அவள் தாயாகப் போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் நம் கவலைக்கு உரியதாகிறது என்ற பழக்கத்தை விட வேண்டும். அதை விட்ட நாளில் தாய்க்கும் குழந்தைக்குமான பாதுகாப்பு தானாகவே முன்னதாகத் தொடங்கிவிடும்.